மெஷின் சாமான்

மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீட்டன்று விடியற்காலை ஐந்தே காலுக்கு என் போனுக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவன் மனைவியின் தம்பி. ஜேர்மனியிலிருந்து இரவிரவாகக் கார் ஓட்டி வந்து, எங்கள் பக்கம் வரக் கப்பலேறும் கலே துறைமுகத்துக்கு அரைமணித் தூரத்தில் ஒரு பெற்றோல் செட்டில் நின்றான். டிக்கியைத் திறந்து படம் எடுத்திருந்தான். மகளுக்கு வாங்கிய பட்டுச்சேலைப் பெட்டி, பலகார வாளிகள், வாழையிலைக் கட்டு, மூலையில் கடைக்காரனின் ஒட்டுநாடாகூடப் பிரிக்காத ஒரு மட்டைப் பெட்டி. கீழே எழுதியிருந்தான்: "அத்தான், உங்கடை மெஷின் சாமானையும் ஏத்திக்கொண்டு வாறன். வெறுங்கையோடை வர ஏலுமே?"

அந்த மட்டைப் பெட்டிக்குள் இருந்தது கைத்துப்பாக்கிக் குழல்.

நான் தோர்ண்டன் ஹீத்தில் உடுப்புத் திருத்தும் கடை வைத்திருக்கும் தையல்காரன். துப்பாக்கிக்குப் பயந்து இருபது வயதில் ஊரை விட்டு ஓடியவன். ஜேர்மனியில் கோப்பை கழுவிய காலத்தில், கூட வேலை செய்த சமையல்காரன் ஒருநாள் தன் சுடும் கழகத்துக்குக் கூட்டிப்போனான். இருபத்தைந்து மீற்றர் தூரத்தில் ஒரு கடதாசி. அந்தக் கடதாசியைத் தவிர அங்கே வேறு யாரும் பயப்படத் தேவையில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு விசையை இழுத்த அந்த நொடியில் என் மண்டைக்குள் இருந்த சத்தமெல்லாம் ஓய்ந்தது. அந்த அமைதிக்கு அடிமையாகி, அனுமதி எடுத்துச் சொந்தமாகவும் ஒன்று வாங்கினேன், வேறென்ன.

பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக நோர்பரிக்கு வந்தபோது, இந்த நாட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்க விடமாட்டார்கள் என்பதால் அது அங்கேயே கழகத்தின் இரும்புப் பெட்டியில் கிடந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய்ச் சுட்டுவிட்டு வருவேன். மனைவியிடம் பழைய கூட்டாளிகளைப் பார்க்கப் போகிறேன் என்பேன். அவளுடைய அண்ணனை ஊரில் வீட்டு வாசலில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். மகளின் பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்த தண்ணீர்த் துப்பாக்கியைக்கூட அவள் பிரிக்காமலே குப்பையில் போட்டவள். அவளிடம் போய் எப்படிச் சொல்வது? ஒன்பது வருடம் சொல்லவில்லை.

இடைவெளி விட்டுச் சுட்டால் கை கெட்டுப்போகும். பெரிய ரவை வெடித்துத் துப்பாக்கி உதைப்பதற்கு முன்னாலேயே கண் மூடத் தொடங்கிவிட்டது. சின்ன ரவையில் பழகினால்தான் அது மாறும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, என் துப்பாக்கியின் மேல்பாகத்தை மட்டும் கழற்றிவிட்டு, சின்ன ரவைக்கான குழலும் ரவைக்கூடும் கொண்ட மாற்றுப் பாகத்தைப் பூட்டுவது. மற்றது, பழகுவதற்கென்றே தனியாக ஒரு சின்னத் துப்பாக்கி வாங்குவது.

"தனியாக ஒன்று வாங்கு" என்றார் கழகச் செயலாளர். ஓய்வுபெற்ற ஜேர்மன் தச்சர் அவர். மாற்றுப் பாகம் சிலவகை ரவைகளைச் சிக்கவைக்கும், ஒவ்வொரு முறையும் கழற்றிப் பூட்டிக் குறி சரிபார்க்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். நான் பெரிய விண்ணன் மாதிரி விவாதித்தேன். அதே பிடி, அதே விசை, அதே பாரம், கைக்குப் பழகினது கைக்கே உதவும் என்றேன். எல்லாம் சரியான காரணங்கள்தான். ஆனால் என் காரணம் அதுவல்ல. தனித் துப்பாக்கிக்குப் புது அனுமதி வேண்டும். படிவம், கடிதம், முத்திரை குத்திய உறை எல்லாம் நோர்பரி வீட்டுக் கதவுக்குள் விழும். மாற்றுப் பாகத்துக்கு முன்கூட்டி ஒன்றும் தேவையில்லை, அடுத்த முறை போகும்போது அங்கே அலுவலகத்தில் பதிந்தால் போதும். மனைவிக்குத் தெரியாமல் இருக்க எது வசதியோ அதைத்தான் தெரிவுசெய்தேன்.

கடைக்காரன் ஜேர்மனிக்குள் மட்டும்தான் அனுப்புவான். மச்சானின் விலாசத்தைக் கொடுத்தேன். "தையல் மெஷின் சாமான் ஒண்டு வரும், வாங்கி வைச்சிரு" என்றேன். அவன் என்ன ஏது என்று கேட்கவில்லை. நம் ஆட்கள் ஒருவர் பொதியை மற்றவர் பிரித்துப் பார்ப்பதில்லை. பயணம் போகிற யாரும் அடுத்தவர் சாமானையும் சுமக்காமல் போவதுமில்லை. வைத்திரு என்று சொன்ன எனக்கு, கொண்டு வராதே என்று சொல்லத் தோன்றவில்லை. அவ்வளவு மூளை.

பின்வளவுக்குப் போய் அந்தக் குளிரில் நின்றேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: ஒரு நிமிடம் அவனை வரவிடலாம் என்று நினைத்தேன். சேலையும் பலகாரமுமாக வருகிற காரை யார் கிண்டப்போகிறார்கள்? பத்தரைக்குத் தண்ணீர் வார்ப்பு. முதல் செம்பை வார்க்கவேண்டிய தாய்மாமன் இல்லாமல் எப்படி நடத்துவது? வந்து சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிறகு, டிக்கியைத் திறக்கச் சொல்கிற அதிகாரிக்கு முன்னால் அவன் சிரித்துக்கொண்டே பலகார வாளியை நீட்டுவது கண்ணுக்குள் வந்தது. பிடித்தால் வருடக்கணக்கில் உள்ளே. ஒன்றும் தெரியாது என்று அவன் சொன்னால் யார் நம்புவார்கள்? போன் எடுத்தேன். மூன்று தடவை அடித்து ஓய்ந்தது. நான்காம் தடவை எடுத்தான்.

"வந்திட்டன் அத்தான். தேத்தண்ணி ஒண்டு குடிச்சிட்டு வெளிக்கிடுறன். அக்கா எழும்பிட்டாவே?"

"காரைத் திருப்பு."

"பகிடி விடாதேங்கோ."

"அது மெஷின் சாமான் இல்லையடா. துவக்குக் குழல். என்ரை துவக்குக்கு வாங்கினது. இஞ்சாலை கொண்டு வந்தால் உன்னை மறியலிலை போட்டிடுவாங்கள்."

அவன் டிக்கியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப இதிலை குப்பைத்தொட்டிக்கை போட்டிட்டு வரட்டே?"

"ஐயோ, ஏலாது. ஆரும் எடுத்தால் அது வேறை வினை. கழகத்திலை கொண்டுபோய்க் குடு. செயலாளருக்கு நான் இப்பவே அடிச்சுச் சொல்லுறன்."

"அங்கை போக நாலரை மணித்தியாலம் அத்தான். பிள்ளைக்குத் தண்ணி வார்க்க ஆர் நிக்கிறது?"

"நீ முதல்லை காரைத் திருப்படா."

"என்ரை சின்னதுகள் அந்தப் பெட்டியை வைச்சுத்தான் ஒரு கிழமையாக் கடை விளையாடினதுகள்" என்றான். பிறகு வைத்துவிட்டான்.

திரும்பினேன். பின்கதவில் மனைவி அறுகம்புல்லும் கையுமாக நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

"உங்களிட்டைத் துவக்கு இருக்கோ?"

"இஞ்சை இல்லை. அங்கைதான்."

இதையும் ஒரு பதில் என்று சொன்னேன் பாருங்கள்.

"அண்ணையைக் குடுத்தாச்சு. இவனையும் குடுக்கப் பாத்தியளோ?" அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். உள்ளே போய்ப் பாலைச் சூடாக்கத் தொடங்கினாள்.

ஒன்பது மணிக்கெல்லாம் வீடு நிறைந்தது. "தாய்மாமன் எங்கை?" என்று கேட்காத ஆள் இல்லை. "கார் இடையிலை நிண்டிட்டுது" என்று மனைவி ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரிச் சொன்னாள். எனக்காகச் சொன்ன பொய் அது. பத்து மணிக்கு மச்சானிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பெட்டியைக் கொடுத்துவிட்டானாம். வேறொரு சொல்லும் இல்லை. தப்பிவிட்டான் என்று சந்தோஷப்படத்தான் வேண்டும். குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

மகளைப் பின்வளவில் பலகையில் இருத்தினார்கள். தெருவில் ஒரு கார் போகும்போதெல்லாம் பக்கப் படலையைத் திரும்பிப் பார்த்தாள். ஹரோவிலிருந்து வந்த மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, தான் வார்க்கிறேன் என்று முன்னுக்கு வந்தார்.

"வேண்டாம் அண்ணை. தம்பியின்ரை இடத்திலை நானே நிக்கிறன்" என்றாள் மனைவி. பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மகளின் உச்சியில் பாலும் அறுகம்புல்லுமாகப் பாலறுகு வைத்தாள். விளிம்பு வரை நிரம்பிய செம்பைத் தூக்கும்போது தண்ணீர் பாதி நிலத்தில் சிந்தியது. தாங்கிப் பிடிக்க என் கையை நீட்டினேன்.

"தொடாதேங்கோ" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "உங்கடை கை என்ரை பிள்ளையிலை பட வேண்டாம்."

கையை எடுத்துக்கொண்டேன். முதல் செம்புத் தண்ணீர் தலையில் விழுந்ததும் மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "மாமாவா?" என்று கேட்டாள்.

மனைவி அடுத்த செம்பை மொண்டாள்.