இழைக்காத பக்கம்

சென்ற தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை முற்பகலில், மாடம்பாக்கத்திலுள்ள எங்கள் பங்குக் கோயில் மக்கள் இருபது பேர் வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு, தாம்பரத்திற்கு அப்பாலுள்ள ஒரு சிறிய அருங்காட்சியகத்தைக் காணச் சென்றோம். ஒரு கூடத்தில் தொல்பொருள்கள். மறு கூடத்தில் கிறிஸ்தவத் திருக்கலைப் பொருள்கள்.

முதற்கூடத்தில் முதுமக்கள் தாழிகள் இருந்தன. உள்ளே அடங்கியவர் எந்தத் தெருக்காரர் என்று எந்தச் சீட்டிலும் எழுதியிருக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாம் கூடத்தில், மரச்சுரூபங்களையும் தூபக்கலசங்களையும் கடந்ததும், சுவரை ஒட்டி ஒரு தேக்குமரத் தடுப்பு நின்றது. ‘நற்கருணைக் கிராதி. மக்கள் இதன்முன் முழந்தாளிட்டு நற்கருணை பெற்றனர்’ என்றது சீட்டு. அடியில் ஒரு கோயிலின் பெயர். நான் ஞானஸ்நானம் பெற்ற கோயில் அது. என் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன.

நற்கருணைக் கிராதி பீடத்தின் முன்னால் நிற்கும். குருவானவர் வந்துபோக நடுவில் திறப்பு இருக்கும். இதற்குத் திறப்பே இல்லை. இது கோயிலின் நடுவில் நின்றது. முன்னால் மற்ற சாதியார் இருந்தார்கள். பின்னால், தரையில், எங்கள் தெரு மக்கள்.

விளக்கம் கூறிய பெண்ணிடம் இதைச் சொன்னேன்.

“ரெக்கார்டுல அப்படித்தான் சார் இருக்கு.”

“அந்த ரெக்கார்ட எழுதுனவரு இதுக்கு எந்தப் பக்கம் ஒக்காந்தாராம்மா?”

எங்கள் பங்குப் பேரவைச் செயலாளர் என் கையைப் பிடித்து இழுத்தார். “அண்ணா, தவக்காலத்துல எதுக்கு வம்பு? வேன்காரன் ஹார்ன் அடிச்சிகினு கீறான்.”

“தவக்காலத்துல பொய் மட்டும் சொல்லலாமா?”

அருங்காட்சியகப் பொறுப்பிலிருந்த குருவானவர் வந்தார். மென்மையாகவே பேசினார். “அந்தக் காயமெல்லாம் ஆறிடுச்சு ஐயா. எங்கெங்கேயோ இருந்து வந்து பாக்குறாங்க. அழகான பொருளாவே இருக்கட்டுமே.”

“ஆறிடுச்சுன்னு யார் சொல்லணும் ஃபாதர்? பட்டவனா, பாத்தவனா? இத சுவத்த விட்டு ஒரு முழம் நகத்துங்க. பின்பக்கம் வழவழன்னு இழைச்சிருந்தா மன்னிப்பு கேட்டுட்டுப் போயிடறேன்.”

சொல்லிவிட்ட பிறகுதான் யோசித்தேன். அறுபதாண்டுகளுக்கு மேற்பட்ட ஞாபகம் அது, பிசகியிருந்தால்?

நால்வர் சேர்ந்து நகர்த்தினார்கள். முன்புறம் திராட்சைக்கொடியும் கோதுமைக்கதிருமாய் மின்னியது. பின்புறம் ரம்பம் அறுத்த தடம் அப்படியே இருந்தது. இழைப்புளி பட்ட அடையாளமே இல்லை. பூசையில் குருவானவர் உயர்த்தும் அப்பத்தைக் காண அதைப் பற்றிக்கொண்டு நான் எம்பியபோது உள்ளங்கையில் சிராய் ஏறியதும், அம்மா ஊக்கால் அதை எடுத்ததும் பொய்யல்ல.

ரயில்வே பணிமனையில் முப்பதாண்டுகள் தச்சுவேலை பார்த்தவன் நான். “கண்ணுக்குத் தெரியாத பக்கத்தத்தான் தச்சன் இழைக்காம விடுவான் ஃபாதர். இந்தப் பக்கத்த தினம் பாத்தது நாங்க. எங்கள யாரும் கண்ணுன்னு கணக்குல வைக்கல.”

அப்பெண் விரலால் மரத்தைத் தடவி, சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். “குத்துது ஃபாதர்.”

“கமிட்டியில வைக்கிறேன்” என்றார் குருவானவர்.

நான் அந்தக் கரடுமுரடான பக்கத்தில், தரையில் அமர்ந்தேன். “வேற சீட்டு எழுதுங்க. எழுந்துக்கிறேன்.”

“இன்னா அண்ணா, சத்தியாகிரகமா?” என்று தலையில் அடித்துக்கொண்ட செயலாளர், சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, “எனக்கும் முட்டி வலிக்குது” என்றபடி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இது எங்கள் தெருவைப் பிரித்துவைத்த தடுப்பு என்று நான் சொல்லச் சொல்ல, அப்பெண் ஒரு தாளில் எழுதி ஒட்டிய பின்னரே எழுந்தோம்.

பிறகு ஒருநாள் போனேன். கையெழுத்துச் சீட்டு இல்லை. ‘இதன் பயன்பாடு குறித்து இருவேறு கருத்துகள் உள்ளன’ என்று அச்சிட்டிருந்தார்கள். ஆனால் தடுப்பைத் திரும்பவும் சுவரோடு சேர்க்கவில்லை. சுற்றிவந்து பார்க்க வழி விட்டிருந்தார்கள். அன்று முதல் மாதந்தோறும் போகிறேன். வருகிறவர்களிடம் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

மன்னிக்கச் சொன்னால் நான் மன்னிப்பேன், அது என் விசுவாசம். ஆனால் என் உள்ளங்கையில் ஏறிய சிராயை ஒரு கருத்து என்று எவர் அச்சிட்டாலும், என் கால்கள் நடக்கும் வரையில் அங்கே போய், அது கருத்து இல்லையென்று சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.