மரத்தடியில் வைத்த சாமுண்டி

சரசு அந்தப் படத்தைத் திருடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முழுக்கக் கேட்டுவிட்டு "அப்படியா?" என்று இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இழுத்துக்கொண்டே இருக்கட்டும். திருடவில்லை என்றால் திருடவில்லைதான்.

தமிழ்நாட்டு எல்லையோர ஹனூர்ப் பக்கத்துக்காரி. புருஷன் போன பிறகு கைக்குழந்தையோடு மைசூருக்கு வந்து, பழைய ஓவியங்களை வைத்துக் காட்டுகிற ஒரு பங்களாவில் கூட்டித் துடைக்கச் சேர்ந்தாள். அங்கேயே தலை நரைத்தது. மகள் ஸ்வாதி படிப்பை முடித்ததும், பங்களாவை நடத்தும் லீலா மேடத்தின் முன்னால் கையைக் கட்டி நின்று, அதே இடத்தில் மகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை கேட்டாள். "சரசு பொண்ணுன்னா கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கலாம்" என்றாராம் மேடம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம்கூட அதைச் சொல்லாமல் சரசு இறங்கினதில்லை.

ஸ்வாதிக்குக் கிடைத்த வேலை, படங்களுக்கெல்லாம் டேக் ஒட்டுவது. தீப்பெட்டி லேபிள் மாதிரி ஒரு தாள், உள்ளே மெல்லிசாக ஒரு கம்பிச் சுருள். அதைப் படத்தின் முதுகில் ஒட்டிவிட வேண்டும். பிறகு துப்பாக்கி மாதிரி ஒரு மிஷினை அறைக்குள் காட்டினால் போதும், எந்தப் படம் எந்தத் தட்டில் இருக்கிறது என்று திரையில் வரிசையாக வந்து நிற்கும். டேக் ஒட்டிய படத்தை யாராவது வாசல் தாண்டித் தூக்கினால் கதவு நிலை ஊளையிடும்.

"சரசக்கா, உங்க முதுகுலயும் ஒண்ணு ஒட்டச் சொல்லட்டுமா? டீக்குப் போனா போன எடம் தெரியும்" என்பான் வாசல் காவலாளி தொட்டையன்.

"உன் வாயில ஒட்டச் சொல்றேன் இரு. அது எங்கெங்க போகுதுன்னு ஊருக்கே தெரியட்டும்."

தசராவுக்கு முன்னால் பங்களா முழுக்க ஒட்டடை அடித்தார்கள். படம் வைக்கும் உள்ளறையைப் பார்த்துக்கொள்கிற செந்தில்நாதன், "கதவோரம் கெடக்குற உடைஞ்ச சட்டமெல்லாம் வெளிய தள்ளிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு போனைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டான். அந்தக் குவியலோடு குவியலாகச் சாய்ந்திருந்தாள் சாமுண்டி. தங்கத் தாள் ஒட்டிய பழைய காலத்துப் படம். கண்ணாடியில் நெற்றியிலிருந்து பாதம்வரை விரிசல் ஓடியிருந்தது. ஒரு கண்ணோரம் நிறம் உதிர்ந்திருந்தது. பழுதுபார்க்க அனுப்புவதற்காக யாரோ இறக்கி வைத்ததாம். இந்த "வைத்ததாம்" எல்லாம் பிறகு வந்தது. அன்றைக்கு அவளுக்கு யார் சொன்னார்கள்?

உடைந்த சாமியை வீட்டில் வைக்கக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. அரசமரத்தடியில் கொண்டுபோய் வைத்துக் கும்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். சரசு மட்டுமா செய்கிறாள்? மைசூரில் எந்த அரசமரத்தடியிலும் போய்ப் பாருங்கள், கண்ணாடி போன சாமிகள் சாய்ந்து நிற்கும்.

படத்தைத் திருப்பினாள். முதுகில் மகள் ஒட்டிய டேக். ஆபீஸ் சாமான் ஆயிற்றே, அதையும் சேர்த்துக் கொண்டுபோவது சரியில்லை என்று பட்டது. தேங்காய் எண்ணெயைத் தொட்டு ஓரமாகத் தேய்த்துத் தேய்த்து, கிழியாமல் எடுத்தாள். சாமுண்டி வழக்கமாக இருக்கும் தட்டு, துடைக்கிறவளுக்குத் தெரியாதா? அதிலேயே அழுத்தி ஒட்டினாள். துவைத்த சேலைத் துணியில் படத்தைச் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல் வழியாகத்தான் போனாள். கதவு ஊளையிடவில்லை.

"என்னக்கா அது?"

"உடைஞ்ச சாமி. மரத்தடிக்கு."

தொட்டையன் துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அதன்பிறகு மிஷினைக் காட்டும்போதெல்லாம் சாமுண்டி இருக்கிறாள், தட்டில்தான் இருக்கிறாள் என்றே வந்தது. தசரா முடிந்து, ஒரு கண்காட்சிக்கு எடுக்கப் போன அன்றுதான் தட்டு காலி, டேக் மட்டும் ஒட்டியிருக்கிறது என்று தெரிந்தது.

மேடத்தின் அறையில் எல்லோரையும் கூட்டினார்கள். ஸ்வாதி டேக்கை மோந்து பார்த்தாள். "இது தானா விழாது மேடம். எண்ணெ வாசனை வருது. யாரோ தெரிஞ்சுதான் எடுத்திருக்காங்க."

வாசற்படியில் நின்ற சரசுவுக்கு முகம் மலர்ந்தது. இவ்வளவுதானா! "நான்தான் கண்ணு எடுத்தேன்."

ஸ்வாதி டேக்கை மேசைமேல் வைத்தாள்.

"கதவு கத்தக் கூடாதுன்னு எடுத்தியா?" என்றார் மேடம்.

"ஐயோ இல்லீங்க. உங்க சாமான் உங்ககிட்டயே இருக்கட்டும்னுதானுங்க."

"படமும் எங்க சாமான்தானே சரசு?"

சாமி எப்படிச் சாமான் ஆகும் என்று அந்த அறையில் யாரிடம் கேட்பது? செந்தில்நாதன், தான் உடைந்த சட்டங்களைத்தான் தள்ளச் சொன்னதாகச் சொன்னான். அது உண்மைதான். தொட்டையன் தனக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்றான். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், போகட்டும்.

மரத்தடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். தசராவுக்காக ஊரையே கழுவியிருந்தார்களே, மரத்தடி மட்டும் மிஞ்சுமா? சிமெண்டு மேடை பளிச்சென்று இருந்தது. குப்பை லாரி எல்லாவற்றையும் அள்ளிப்போய் வெகுநாளாயிற்று என்றான் எதிர்க்கடைக்காரன். சாமுண்டி படமா? எத்தனையோ இருந்தது, யார் கண்டது என்றான். செந்தில்நாதன் வெறும் மேடையைப் போனில் படம் எடுத்துக்கொண்டான்.

போலீசுக்குப் போகவில்லை. ஸ்வாதியின் முகத்துக்காக விட்டதாக மேடம் சொன்னார். நாளையிலிருந்து சரசு வரவேண்டாம்.

அம்மாவும் மகளும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பாதி வழியில் ஸ்வாதி கன்னடத்தில் ஆரம்பித்து, தமிழுக்கு வந்தாள்.

"அம்மா, யாருக்காச்சும் குடுத்தியா? எங்கிட்ட மட்டும் சொல்லு. நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

சரசு நின்றாள். மேடம் கேட்டதெல்லாம் வலிக்கவில்லை. இவள், யாருக்கும் சொல்ல மாட்டேன் என்கிறாளே! மகளின் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு, "பஸ் வருது பாரு" என்றாள்.

ஸ்வாதி இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். சாயங்காலம் கிளம்பும்போது தொட்டையன் அவள் பையைத் திறந்து பார்த்துத்தான் அனுப்புகிறான். வீட்டில் அந்தப் பேச்சே எழுவதில்லை. சாப்பிட்டியா, தண்ணி வந்துச்சா, அவ்வளவுதான்.

மேடையில் மறுபடி சாமிகள் சேர ஆரம்பித்துவிட்டன. சரசு போய் ஒவ்வொன்றாகத் திருப்பி, முதுகில் டேக் எடுத்த எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்க்கிறாள். போன வெள்ளிக்கிழமை, உடைந்த படத்தை வைக்க வந்த ஒருத்தி இவளைப் பார்த்துவிட்டு, வைக்காமல் மாரோடு அணைத்துத் திரும்பிப் போனாள். போகும்போது கடைக்காரனிடம் சொன்னது இவள் காதிலும் விழுந்தது.

"சாமி படத்தைக்கூட விட மாட்டாங்க போல."

சரசு கையிலிருந்ததைத் திருப்பினாள். கறை இல்லை. அடுத்ததை எடுத்தாள்.