எண் போட்ட ஆரஞ்சுப் பழங்கள்

எங்கள் தீவில் கடலில் போய்ச் சேரும் கால்வாயில் சின்னதாக ஒரு விசையாழி வைத்து மின்சாரம் எடுக்க நகராண்மைக் கழகம் ஆசைப்பட்டது. அதற்கு உரிமம் கேட்க ஒரு சுற்றுச்சூழல் ஆலோசகர் அறிக்கை எழுத வேண்டும். அந்த மேதை நான்தான்.

தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நான் வேலை செய்யும் கம்பெனியின் அளவுக் கருவி ரிப்பேருக்குப் போயிருந்தது. ஆரஞ்சுப் பழம் போதும் என்று சொல்லிவிட்டேன். பழைய முறைதான். பழம் பாதி மூழ்கி மிதக்கும், காற்று தள்ளாது. மேலே போட்டு, கீழே பாலத்தைத் தாண்ட எத்தனை நொடி என்று எண்ணினால் முடிந்தது. ஒவ்வொரு பழத்திலும் மார்க்கர் பேனாவால் எண் வேறு போட்டேன். அறிவியல் என்றால் சும்மாவா?

கரையில் ஒரு பெண் ஒட்டுக்கடை போட்டிருந்தாள். புருஷன் இல்லை. தோசை சுட்டுத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தாள். விசையாழிக் கொட்டகை வரவேண்டியது சரியாக அவள் அடுப்பு இருந்த இடத்தில். கடை போய்விடும் என்று அவளிடம் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது. சொன்னேன். சரிண்ணே என்றாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகும் அங்கேயே உட்கார்ந்து பசியாற எனக்குக் கொஞ்சமும் வெட்கம் வரவில்லை.

தண்ணீர் வற்றிப் படிக்கட்டு தெரிந்தால்தான் கீழே இறங்குவேன். இல்லாவிட்டால் காலில் போட்ட புதுச் சப்பாத்து நனைந்து என்னாவது? மூன்று வாரமும் இதே கதை. படி தெரியும்வரை தோசை, தெரிந்ததும் பழம். எல்லாப் பழமும் கடலைப் பார்த்து ஓடின. என்ன ஒரு ஓட்டம்! நாள் முழுதும் நீரோட்டம் சீராகக் கடலை நோக்கியே உள்ளது என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவளைப் பற்றி ஒரே வரி: தற்காலிகக் கடை ஒன்று உள்ளது.

உரிமக் கூட்டத்துக்கு நாலு நாள் இருக்கையில் கடைசியாகப் படம் எடுக்கப் போனேன். அவள் சட்டி சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மேசைக்கடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பேசினை இழுத்தாள். உள்ளே ஆரஞ்சுப் பழங்கள். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்தைந்து. எண்கள் என் கையெழுத்தில்.

“கோவிச்சுக்காதீங்கண்ணே. நீங்க போன பெறவு கடல் ஏறும்போது தண்ணி இப்படித் திரும்பும்லா. உங்க பழமெல்லாம் இங்கதான் வந்து ஒதுங்கும். ஏதோ பரிகாரம் பண்றீங்க, பலிக்கலன்னு எப்படிச் சொல்றதுன்னு சும்மா இருந்துட்டேன்.”

நல்ல வரன் வேண்டி ஆரஞ்சுப் பழத்தைத் தண்ணீரில் விடுவது இங்கே சீனர்களின் வழக்கம். கல்யாணம் ஆகாத ஐம்பத்தொரு வயது ஆள் நாள் தவறாமல் தண்ணீரில் பழம் விட்டால் பார்க்கிறவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? தீவிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். கடல் ஏறும், இறங்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் சப்பாத்துக்குத்தான் தெரியவில்லை. அது நனையாத நேரம் பார்த்து இறங்கி, வற்றும் தண்ணீரை மட்டுமே அளந்திருக்கிறேன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும் என்று ஒரு கணம் தோன்றியது. பொய் எதற்கு, இரண்டு நாள் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்தப் பேசின் கண்ணை விட்டுப் போகவில்லை. மூன்றாம் நாள் என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று உரிமம் தரும் இலாகாவுக்குக் கடிதம் கொடுத்தேன். காரணத்தையும் எழுதினேன், சப்பாத்து உட்பட. திட்டம் நின்றது. விசாரணை முடியும்வரை என் ஆலோசகர் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். முதலாளி பேசியதை இங்கே எழுத முடியாது.

கடை போகாது என்று சொல்ல ஓடினேன். பெரிய வள்ளல் என்று நினைப்பு. ஒரு நெய்த்தோசையாவது சும்மா கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை வெகுநேரம் துடைத்தாள். பிறகு கேட்டாள்.

“அப்ப உங்க வேலைண்ணே?”

மூன்று வாரம் அவள் கையால் தின்றிருக்கிறேன். கடை போனால் நீ என்ன செய்வாய் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பார்ப்போம் என்று முனகினேன்.

அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு நல்ல ஜோசியர் இருக்கிறார், இந்தத் தடவை பரிகாரத்தை ஒழுங்காகக் கேட்டுச் செய்யுங்கள் என்று தாளில் விலாசம் எழுதிக் கொடுத்தாள். நான் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.