வருஷத்தில் ஒரு வாரம்

அக்கா ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில் இருபத்திரண்டு வருஷமாக இஸ்திரி போடுகிறாள். ஒரு நாளைக்கு இருநூறு படுக்கை விரிப்பு. அதில் ஒன்றின் மேல்கூட அவள் படுத்ததில்லை. யாரோ விரித்து வைத்த கட்டிலில், ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிய, ஒரு வாரம் சும்மா கிடக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. கல்யாணமான புதிதில் அத்தானிடம் சொன்னாளாம். அவரும் "பாக்கலாம்" என்றாராம். மனிதர் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அதனால்தான் விடுமுறை விடுதிக் கம்பெனிக்காரன் இலவச விருந்துக்குக் கூப்பிட்டதும் அக்கா விழுந்துவிட்டாள். கடலோர விடுதியில் வருஷத்துக்கு ஒரு வாரம், ஆயுசு முழுக்க உங்களுடையது என்று நாலு மணி நேரம் பேசியிருக்கிறான். அத்தான் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனார். எழுப்பியதும், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

பத்தாம் நாள் மத்தியானம்தான் இருவரும் ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டுவந்தார்கள். நான் வக்கீல் ஆபீஸில் டைப் அடிப்பவன். படிக்கப் படிக்கக் கோபம் ஏறியது. கடல் தெரியும் அறை என்ற பேச்சே அதில் இல்லை. காலியாக இருக்கும் அறை, கம்பெனி ஒதுக்கும் வாரம். போனாலும் போகாவிட்டாலும் பராமரிப்புக் கட்டணம். அவர்களுக்குப் பிறகு அது பிள்ளைகள் தலையில்.

"அக்கா, ரத்து பண்ணிடலாம்."

"கையெழுத்துப் போட்டா போட்டதுதான்னு அந்தப் பையன் சொன்னானே?"

"அவன் வேற எப்படிச் சொல்லுவான்? பத்து நாளைக்குள்ள எழுதிக் கொடுத்தா ரத்து பண்ணித்தான் ஆகணும், கட்டினதையும் திருப்பித் தரணும். சட்டமே இருக்கு. காரணம்கூடச் சொல்ல வேண்டாம். இன்னிக்குத் தபால்ல சேத்துட்டா போதும். நாளைக்குன்னா போச்சு."

அவள் ஒப்பந்தத்தோடு கொடுத்த வண்ணப் புத்தகத்தைப் புரட்டி, வெள்ளை விரிப்பு போட்ட ஒரு கட்டிலை விரலால் தடவினாள்.

"மடிப்பு எவ்வளவு நேரா நிக்குது பாரு. நல்லா இஸ்திரி போட்டிருக்காங்க."

எனக்கு இருந்த கோபமெல்லாம் அப்படியே வடிந்துவிட்டது. அவளுக்கு அந்த ஒரு வாரம் எப்படியாவது கிடைக்கக் கூடாதா என்று ஏக்கமாக இருந்தது.

கடிதம் இரண்டே வரிதான். 'இந்த ஒப்பந்தம் எங்களுக்கு வேண்டாம். ரத்து செய்யவும்.' அத்தான் உடனே கையெழுத்துப் போட்டார். அக்கா பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தபால் நிலையம் மூட அரை மணி நேரம்தான் இருந்தது.

"வேண்டாம்னு அடிச்சிருக்கியேடா. எனக்கு வேணும்டா."

"தெரியும்க்கா. போடு."

அவள் முதல் வரியைக் கோடு போட்டு அழித்தாள். பக்கத்திலேயே தன் கையால் எழுதினாள்: 'வேண்டும்தான். இருந்தாலும் ரத்து செய்யவும்.' பிறகு கையெழுத்துப் போட்டாள்.

வக்கீல் பார்த்தால் என்னைத் திட்டித் தீர்த்திருப்பார். வேறு தாள் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதையே பதிவுத் தபாலில் சேர்த்தேன்.