கம்பியில் வந்த நாடகம்

போன வாரம் எங்கள் வீட்டில் மாடிக் கம்ப்யூட்டருக்கும் கீழ்க் கம்ப்யூட்டருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று.

குத்துக்கல்வலசையில் மகன் வீட்டில் இருக்கிறேன். கீழே மருமகள் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறாள், மாடியில் மகன் ஒன்று. பழைய போட்டோக்களை எல்லாம் மருமகள் பொறுமையாக ஸ்கேன் செய்து தன்னுடையதில் சேர்த்து வைத்திருந்தாள். அதை மாடியில் இருந்தபடியே திறந்து, பெரிய திரையில் எனக்குக் காட்டவேண்டும் என்று மகனுக்கு ஆசை. என்னை நாற்காலியில் உட்காரவைத்து அரை மணி நேரம் ஆயிற்று. படம்தான் வரவில்லை.

வயரைப் பிடுங்கி மாட்டினான். வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டான். இரண்டு கம்ப்யூட்டரையும் மாறி மாறித் தூங்கவைத்து எழுப்பினான். இரண்டிலும் நெட் நன்றாகத்தான் வருகிறதாம். இதன் கண்ணுக்கு அது மட்டும் தெரியவில்லையாம். கடைசியில் கீழே போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே ஏறிவந்தான்.

“ஒண்ணுமில்லம்மா. கீழ உள்ளது, ஏதோ பஸ் ஸ்டாண்டுல இருக்கதா நெனச்சுக்கிட்டு இருந்திருக்கு. வெளியிடம்னு நெனச்சா அது யாருக்கும் மூஞ்சியைக் காட்டாது. இது நம்ம வீடுதான்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

நாலு பேர் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற ஆள் நான். அந்தக் கம்ப்யூட்டர் மேல் எனக்குக் கொஞ்சம் பாசமே வந்துவிட்டது.

கீழேயிருந்து மருமகள் சத்தம் கொடுத்தாள். “ஏங்க, போட்டோ ஃபோல்டரை மட்டும் தொறங்க. என் மத்ததெல்லாம் மூடியே இருக்கட்டும்.”

“ஆமா, உன் ரகசியத்தைப் பாக்கத்தான் நான் தவம் கெடக்கேன்” என்றான் மகன்.

முதலில் வந்த படத்தில் என் பெரியம்மா ரேடியோவுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். ரேடியோவுக்கு மேலே சாமி படம். பக்கத்துச் சுவரில் தனியாக ஒரு சின்ன சுவிட்ச். மகன் அதைப் பெரிசாக்கிப் பார்த்து, “இது எதுக்கும்மா?” என்றான்.

இடிக்கு வைத்தது என்று சொன்னேன். எனக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தென்காசியில் எங்கள் வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பாகம் பிரித்திருந்தார்கள். ஒரு பக்கம் நாங்கள், மறுபக்கம் பெரியப்பாவும் பெரியம்மாவும் இரண்டே பேர். ரேடியோ அவர்கள் பங்குக்குப் போனது, எருமை எங்கள் பங்குக்கு வந்தது. எருமை எங்கள் வீட்டில் நின்று கத்தினால் அவர்களுக்கும் கேட்கும். ரேடியோ அவர்கள் வீட்டில் பாடினால் எங்களுக்குச் சரியாகக் கேட்காது. இது என்ன பாகம் என்று எனக்கு ரொம்ப நாள் மனக்குறை. அப்பாவும் பெரியப்பாவும் தேவைக்கு மேல் பேசிக்கொள்வதும் இல்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, குற்றாலத்தில் மைக் செட் கடையில் வேலை பார்த்தார். அவர்தான் வழி கண்டுபிடித்தார். ரேடியோவின் பின்னால் இருந்து இரண்டு கம்பி எடுத்து, ஓட்டு மேலாகக் கொண்டுவந்து, எங்கள் வீட்டு உள்ளறையில் ஒரு ஸ்பீக்கர் பெட்டியில் இணைத்தார். “ரேடியோ அங்கன பாடட்டும், இங்கன கேக்கட்டும்” என்றார். பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு சரி என்றார். பெரியம்மா சொல்லிச் சம்மதிக்க வைத்திருப்பாள். அம்மா தினமும் ஒரு சொம்பு எருமைப்பாலை என்னிடம் கொடுத்து அந்த வீட்டுக்கு அனுப்புவாள். அந்தச் சொம்பும் இந்தக் கம்பியும்தான் இரண்டு வீட்டுக்கும் இடையில் போய்வந்துகொண்டிருந்தன.

பாட்டும் செய்தியும் எல்லாருக்கும் வந்தது. எனக்கு மட்டும் ஒரு நாடகமும் வந்தது.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் மத்தியானம் பெட்டியில் காதை ஒட்டிவைத்தால் கேட்கும். பாட்டு மாதிரி சத்தமாக வராது. கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி ரொம்ப மெல்ல வரும். ஒரு பொம்பளை சாமியிடம் பேசுவாள். ‘எனக்குன்னு ஒண்ணு குடேன். ஆணோ பொண்ணோ, ஒண்ணே ஒண்ணு போதும்’ என்று கேட்பாள். அப்புறம் அழுவாள். நானும் கூடச் சேர்ந்து அழுவேன். அப்படி ஒரு நடிப்பு.

ஆனால் அம்மாவுக்கு அந்த நாடகம் ஆகாது. ஒருநாள் நான் அழுவதைப் பார்த்து, தானும் வந்து காதை வைத்தாள். உடனே பெட்டியின் பின்னால் திருகாணியைத் தளர்த்திக் கம்பியைக் கழற்றிவிட்டாள். அதிலிருந்து தினமும் மத்தியானம் கழற்றுவதும், சாயங்காலம் மாட்டுவதும். மாட்டுவதும் அவளுக்குச் சரியாக வராது. சில நாள் பாடும், சில நாள் கொரகொரக்கும், சில நாள் செத்த மாதிரி கிடக்கும்.

அது சாரல் காலம். கம்பியில் ஈரம் இறங்கிவிட்டது என்றார் அப்பா. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து பெரியப்பா சத்தமாகச் சொன்னார், “ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா கம்பியை அறுத்து எறிஞ்சிருவேன். அங்க இழுத்து இங்க இழுத்து என் ரேடியோவே கெட்டுப்போவும்.” அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். காரணம் எனக்குத் தெரியும், ஆனால் எனக்கு யாரிடமும் எதுவும் சொல்லிப் பழக்கமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா நனைந்துகொண்டே பஸ்ஸில் வந்து இறங்கினார். பெரியப்பா குடையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றார்.

“என்னடே, குற்றாலத்துக் கொரங்கு வந்து கம்பியைக் கடிச்சிட்டா? இல்ல, கம்பி இழுத்ததே ஒரு குற்றாலத்துக் கொரங்குதானா?”

“கம்பியில குத்தம் இருந்தா நானே சுருட்டி எடுத்துக்கிட்டுப் போயிருதேன், பெரியத்தான்” என்றார் மாமா.

ரேடியோவைப் பாடவிட்டு, ஒரு சின்ன ஸ்பீக்கரைக் கையில் எடுத்துக்கொண்டு ஈர ஓட்டின் மேல் ஏறினார். கம்பியின் சரிபாதியில் தொட்டுப் பார்த்தார். பாடியது. “இதுவரைக்கும் வருது. குத்தம் இதுக்கு இங்கிட்டுத்தான்.” மிச்சத்தில் பாதி. அங்கேயும் பாடியது. இப்படிப் பாதி பாதியாக வந்து, கடைசியில் எங்கள் உள்ளறைக்கே வந்துவிட்டார். பெட்டியைத் திருப்பினார். திருகாணி தளர்ந்து ஒரு கம்பி சும்மா தொங்கியது, முந்தின சாயங்காலம் அம்மா அரைகுறையாக மாட்டியது.

“கழத்தியிருக்காவளே! யாருட்டி?”

அறையில் நானும் மாமாவும்தான். எனக்கு நாடகம் போன கோபம். அவர் காதில் சொன்னேன்: “அம்மாதான். மத்தியானம் நாடகம் வரையில கழத்தீருவா.”

“மத்தியானம் ஸ்டேஷனையே மூடிருவானே. எந்த நாடகம்?”

சொன்னேன். அந்தப் பொம்பளை கேட்பதை எல்லாம் அதே மாதிரி நடித்துக் காட்டினேன். நன்றாக நடித்ததாகத்தான் நினைவு. மாமா சிரிக்கவில்லை. கையில் இருந்த, திருகாணி முறுக்கும் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனார்.

“ஸ்பீக்கர் பாடவும் செய்யும், அந்தப் பக்கம் பேசுனா இழுத்துக் கொண்டுவரவும் செய்யும்க்கா. நான் அதை யோசிக்கவே இல்ல” என்று மாமா சொல்வது கேட்டது.

“அவகிட்ட எப்படிடா சொல்லுவேன்? சொன்னா அதுக்கப்புறம் எம்மூஞ்சியில முழிப்பாளா அவ? பிள்ளையோட அப்பா காதுல விழுந்திருமோன்னு தெனம் எனக்குப் பதறுது.”

அம்மா கம்பியைக் கழற்றி அகப்பட்டுக்கொண்டதற்கு வருத்தப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாமா வெளியே வந்து, “குத்தம் என்மேலதான் பெரியத்தான். அன்னைக்குத் திருகாணியைச் சரியா முறுக்காமப் போயிட்டேன்” என்றார்.

பெரியப்பாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டும். “இவன்லாம் மைக் செட் போட்டா கல்யாண வீடு எழவு வீடாயிரும்லே!” என்று தெருவுக்கே கேட்கச் சிரித்தார். அந்தச் சந்தோஷத்தில் கம்பியை அறுக்க மறந்துபோனார். மாமா தலையைக் குனிந்து நின்றார். குற்றம் அம்மாவுடையது என்று தெரிந்தும் இவர் ஏன் வாங்கிக்கட்டிக்கொள்கிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அதோடு போகாமல், மறுவாரம் ஒரு சுவிட்ச் வாங்கிவந்தார். வம்பு எங்கள் வீட்டுப் பெட்டியில், சுவிட்சை வைத்ததோ பெரியம்மா வீட்டில், ரேடியோவுக்குப் பக்கத்தில். “அக்கா, பாடி முடிச்ச உடனே இதை அமத்திருங்க. மழைக்காலம், இடி கிடி கம்பி வழியா வீட்டுக்குள்ள இறங்கிரும்” என்று பெரியம்மாவிடம் சொன்னார்.

“இடின்னா எனக்குப் பயம்ப்பா” என்று பெரியம்மா ஒருநாள்கூடத் தவறாமல் அணைத்துவைத்தாள்.

அதற்கப்புறம் ரேடியோ கொரகொரக்கவே இல்லை. நாடகமும் வரவில்லை. பல நாள் காதை வைத்துப் பார்த்தேன். தாங்கமுடியாமல் ஒருநாள் பால் சொம்பைக் கொடுக்கும்போது பெரியம்மாவிடமே கேட்டேன்.

“பெரியம்மா, மத்தியானம் ஒரு நாடகம் போடுவாங்களே, இப்பம் ஏன் போடுததில்ல?”

“எந்த நாடகம்ட்டி?”

“ஒரு பொம்பள சாமிகிட்டப் பிள்ளை கேப்பாளே.”

பெரியம்மா கையில் சொம்பு அப்படியே நின்றது. ரேடியோவைப் பார்த்தாள். சுவிட்சைப் பார்த்தாள். அப்புறம் எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்தாள்.

“உங்க அம்மா கேட்டாளாட்டி அந்த நாடகத்தை?”

“அம்மாக்கு அது பிடிக்காது. வந்த உடனே கம்பியைக் கழத்தீருவா. யாரையும் கேக்க விடமாட்டா.”

பெரியம்மா சொம்பைக் கீழே வைத்தாள். என்னைத் திருப்பி உட்காரவைத்து, சடையை அவிழ்த்து, முதலில் இருந்து பின்ன ஆரம்பித்தாள். அம்மா அன்று காலையில்தான் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியிருந்தாள், ஒரு மயிர் கலைந்திருக்கவில்லை. நன்றாக இருக்கிற சடையை எதற்கு அவிழ்க்கிறாள் என்று கேட்க வாய்வரை வந்தது. ஆனால் என் கூச்சத்துக்கு, ஒரு நாளைக்கு ஒரு கேள்வியே அதிகம். பின்னி முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று.