சாண்ட்ராவின் படகை நான் நிமிர்த்திய கதை

சாண்ட்ராவுக்கு நாற்பத்து மூன்று வயது. பினாங்கில் சூலியா தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள். நம்பர் கொடுப்பது, பெயர் கூப்பிடுவது, வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களிடம் "இன்னும் ரெண்டு பேர்தான் அங்கிள்" என்று பொய் சொல்வது. பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை.

சனிக்கிழமை சாயங்காலமே பூசைக்கு, அதாவது மாஸுக்குப் போய்விடுவாள். சர்ச்சில் அவளுக்குப் பக்தி அதிகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. ஞாயிறு காலையில் அவள் ஆற்றில் இருக்க வேண்டும்.

பினாங்கில் ஏது ஆறு என்று கேட்பீர்கள். பாலம் தாண்டி, கூலிம் தாண்டி, கெடாவில் இருக்கிறது செடிம் ஆறு. பாறைக்குப் பாறை மோதி வெள்ளையாக நுரைத்துக்கொண்டு இறங்கும் தண்ணீர். ஆறு வருடத்துக்கு முன்பு கிளினிக்காரர்கள் எல்லோரையும் அங்கே பிக்னிக் கூட்டிப்போய் ரப்பர் படகில் ஏற்றினார்கள். மற்றவர்கள் கத்திக்கொண்டே இறங்கினார்கள். இவள் மட்டும் ஈரத்தோடு மேலே நடந்து போய் மறுபடியும் வரிசையில் நின்றாள்.

அதற்கப்புறம் ரப்பர் படகு பத்தவில்லை. சொந்தமாகக் கனூ வேண்டும் என்றாள். கனூ என்றால் மேலே திறந்த, ஒல்லியான படகு. இரண்டு பேர் உட்காரலாம், ஆளுக்கொரு துடுப்பு. தஞ்சோங் பூங்கா என்ற கடலோர ஊரில் ஒரு வெள்ளைக்கார வாத்தியார் ஊரைவிட்டுப் போகிறார், சிவப்புக் கனூ ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டு என்னைக் கூப்பிட்டாள். என்னிடம் லாரி இருந்தது, அதனால்தான். பாலிக் புலாவில் மீனவர் படகுகளுக்கு ஃபைபர் ஒட்டுவது என் தொழில்.

படகை வாங்க அவளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. விலை பேசியது ஐந்து நிமிடம். மீதி நேரமெல்லாம் படகின் வயிற்றுக்கடியில் கிடந்தாள். விரல் முட்டியால் அடிமுழுக்கத் தட்டினாள். என்னை உள்ளே டார்ச் அடிக்கச் சொல்லிவிட்டு வெளியே படுத்துக்கொண்டு பார்த்தாள். பாறையில் தேய்ந்து மெலிந்த இடம் என்றால் வெளிச்சம் கசியுமாம். கூடவே கிடைத்த லைஃப் ஜாக்கெட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். அமுக்கின பள்ளம் அப்படியே நின்றது. மறுபடி மேலெழும்பாத பஞ்சு ஆளை மிதக்கவைக்காதாம். "இது செத்துப்போச்சு" என்று தூரப் போட்டாள்.

"மாப்பிள்ளை பாக்குற மாதிரி பாக்குறியே சாண்ட்ரா. போதும்லா."

"மாப்பிள்ளை சரியில்லைன்னா அம்மா வீட்டுக்கு வந்துரலாம்ணே. பாறைக்கு நடுவுல படகு சரியில்லைன்னா எங்க போறது?"

வாத்தியாருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தால் சிரித்திருப்பார்.

அவள் வீடு பதினொன்றாவது மாடி. பதினான்கு அடிப் படகு லிஃப்டில் நுழையாது. அதனால் படகு என் பட்டறைக்கு வந்தது. மற்ற சாமான்கள் அவள் வீட்டுக்குப் போயின. ஆற்றுக்குப் போகாத வாரங்களில் தெலுக் பஹாங்கில் கடலில் துடுப்புப் போடுவாள். வந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவியாக வேண்டும். உப்பு ஒரு போல்ட்டையும் விட்டுவைக்காது. கிளினிக்குக்கு இலவசமாக வரும் பல் பிரஷ்ஷில் நாலைந்து அவளிடம் எப்போதும் இருக்கும். ஜாக்கெட்டின் பக்கிளில் மணல் ஏறியிருந்தால் அதை வைத்துப் பல் விளக்குவது போல விளக்குவாள். ஜாக்கெட்டை வெயிலில் காயப்போடமாட்டாள், நிழலில்தான். ஹெல்மெட்டை அடுக்களை ஆணியில் மாட்டிவைப்பாள். அவள் அம்மா அமலம்மாள் அதில் வெங்காயம் போட்டுவைப்பார். இதில் மட்டும் வாரம் ஒரு சண்டை.

போன மார்ச்சில் ஹைதர் அவளைக் கூப்பிட்டான். செடிமில் படகுச் சவாரி நடத்துகிறவன், நம் பினாங்குப் பையன்தான். அவனுடைய வழிகாட்டிகளில் ஒருவர் சிங்கப்பூர் போய்விட்டார். சனி ஞாயிறுக்கு ஓர் ஆள் வேண்டும்.

"அக்கா, ஒரு கண்டிஷன். கனூவுல உக்காந்தே இல்லாத ஆளு ஒருத்தரை, உங்க படகுல, மேல இருந்து கீழ குளம் வரைக்கும் கூட்டிட்டு வாங்க. கவுந்தா வேலை இல்ல. வர்ற ஞாயித்துக்கிழமை விட்டா, அடுத்த ஆளைப் பாத்துருவேன்."

இதைச் சொல்லத்தான் பட்டறைக்கு வந்தாள். நின்ற இடத்தில் நிற்கவில்லை.

"பத்தொம்போது வருஷமா மத்தவன் பேரைக் கூப்பிட்டுட்டு உக்காந்திருக்கேண்ணே. இந்த வேலை மட்டும் கிடைக்கட்டும், சனி ஞாயிறு நான் மனுஷி." பிறகு படகைக் காட்டினாள். "பின் சீட்டுக்கு அடியில ரெண்டு போல்ட்டு துருப்பிடிச்சிருக்கு. அதை மாத்திடுங்க. அதை மட்டும்."

அதை மட்டும் என்று போகும்போதும் ஒரு தரம் சொன்னாள்.

போல்ட் மாற்ற கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அப்புறம் படகைத் தளத்தில் வைத்துப் பார்த்தேன். முன்னாடி நாலு விரல் தூக்கிக்கொண்டு நின்றது. பின்னாடியும் நாலு விரல். வாழைப்பழம் மாதிரி. இருபத்தாறு வருடமாகப் படகு பார்க்கிறேன். கடல் படகுக்கு அடிக்கட்டை நூல் பிடித்தது போல நேராக இருக்க வேண்டும், இல்லையென்றால் வலை போட்டுவிட்டு நேரே கரைக்கு வர முடியாது. பாவம், பிளாஸ்டிக், வெயிலில் கோணிப்போயிருக்கிறது என்று நினைத்தேன். அவளுக்கு முக்கியமான வாரம். கேட்காமலே ஓர் உதவி செய்துவிடுவோம் என்று தோன்றியது.

இரண்டு முனையிலும் மூன்று மூன்று சிமெண்ட் மூட்டை வைத்தேன். மேலே கறுப்புத் தார்ப்பாய். நாலு நாள் வெயில். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி நடுவில் நின்றது. எனக்கு ரொம்பப் பெருமை.

வியாழக்கிழமை சாயங்காலம் வந்தாள். படகைப் பார்த்தாள். கைப்பை தோளிலிருந்து நழுவியது.

"அண்ணே. என்ன செஞ்சீங்க?"

"நிமிர்த்திட்டேன். சும்மாதான், காசு வேணாம்."

"நிமிர்த்திட்டீங்களா?"

"கோணிக் கிடந்துச்சு."

"கோணலா! அதுக்குத்தானே அந்தப் படகையே வாங்கினேன்!" என்று தலையில் கை வைத்து மணலில் உட்கார்ந்துவிட்டாள். "வளைஞ்சிருந்தாதாண்ணே பாறைக்கிட்ட சட்டுனு திரும்பும். நேரா இருந்தா நேராப் போயி பாறையில முட்டும். உங்க கடல்ல பாறையா இருக்கு?"

நான் தார்ப்பாயை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

அவள் ரொம்ப நேரம் உட்காரவில்லை. அதுதான் சாண்ட்ரா. எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு, "சூட்டுலதானே நிமிந்துச்சு? சூட்டுலயே வளைக்கலாம். இந்தப் பிளாஸ்டிக்குக்குப் பழைய உருவம் ஞாபகம் இருக்கும்" என்றாள். வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு லீவு சொன்னாள். பல்வலி என்று சொன்னாளாம். பல் கிளினிக்கில்.

நான் கோயில் கமிட்டியிடம் அன்னதான அண்டாவைக் கேட்டேன். எதற்கு என்றார்கள். படகுக்கு என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். படகின் இரண்டு முனையையும் பழைய லாரி டயர் மேல் ஏற்றி, நடுவில் வெந்நீரை ஊற்றினோம். கை வைத்தால் சுட வேண்டும், கொதிக்கக் கூடாது. தண்ணீரின் பாரம் வயிற்றைக் கீழே இழுக்கும், சூடு இளக்கும். ஆறினால் வாளியால் மொண்டு கொட்டிவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். இரண்டு நாளும் விறகு, புகை, அண்டா. போகிற வருகிறவர்கள் எல்லாம், "என்ன வாசு, படகுக்குப் பிரசவமா?" என்றார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் அளந்தோம். முன்பக்கம் மூன்றரை விரல் வந்துவிட்டது. பின்பக்கம் இரண்டோடு நின்றுவிட்டது.

"போதும்" என்றாள். "எப்படித் திரும்புதுன்னு ஞாயித்துக்கிழமை காலையில பழகிக்கிறேன்."

அவள் கூட்டிப்போக இருந்தது சித்தப்பா மகன் கிஷனை. அவன் அண்டா கதையைக் கேட்டதும் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டான். சாண்ட்ரா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க கனூவுல உக்காந்திருக்கீங்களா?"

"இல்ல."

"நிமிர்த்துனது யாரு?"

ஞாயிறு விடியும்போது செடிம் கரையில் நின்றேன். என் வயிற்றுக்குப் பொருந்தும் ஜாக்கெட்டைத் தேடி மூன்றை மாற்றினாள். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள், ஜாக்கெட் காது வரை ஏறினால் ஆகாதாம். பிறகு ஹைதர் வருவதற்குள் தேங்கிய தண்ணீரில் அரை மணி நேரம் தனியாகச் சுற்றினாள். திருப்புவதும் நிறுத்துவதும் எண்ணுவதுமாக இருந்தாள். கரைக்கு வந்ததும், "ரெண்டு துடுப்பு முன்னாலயே திருப்ப ஆரம்பிக்கணும். அவ்வளவுதான்" என்றாள்.

முதல் இறக்கம் ஒன்றும் தெரியவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவதுக்கு முன்பு வீடு மாதிரி ஒரு பாறை. அதன் பின்னால் தண்ணீர் அமைதியாக நிற்கும், அங்கே படகைத் திருப்பி நிறுத்த வேண்டும். அவள் சொன்ன மாதிரியே முன்கூட்டியே ஆரம்பித்தாள். அந்த நேரத்தில் படகு ஆடியது. நான் துடுப்பை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் ஓரத்தை இறுக்கிப் பிடித்தேன். கடலில் அலை அடித்தால் நாங்கள் அப்படித்தான் பிடிப்போம். படகு நான் பிடித்த பக்கமே சாய்ந்தது. தண்ணீர் ஓரத்தைத் தொட்டது.

பின்னாலிருந்து என் ஹெல்மெட் மேல் துடுப்பால் ஒரு தட்டு விழுந்தது.

"விடுங்கண்ணே! ஓரத்தை விடுங்க! துடுப்பைத் தண்ணியில போடுங்க, இழுங்க! உங்க பக்கம், இழுங்க, வெட்கப்படாதீங்க!"

விட்டேன். போட்டேன். இழுத்தேன். முன்பக்கம் பாறைக்குப் பின்னால் நுழைந்தது. முரட்டுப் பின்பக்கம் ஒரு நொடி யோசித்துவிட்டுத் தானும் வந்தது. அங்கே கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டோம். மீதி இரண்டு இறக்கத்திலும் அவள் சொன்னதைத் தவிர நான் வேறு எதையும் செய்யவில்லை. என் வாழ்க்கையில் யார் பேச்சையும் அப்படிக் கேட்டதில்லை.

கீழே குளத்தில் ஹைதர் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தான்.

"பயந்தீங்களாண்ணே?"

"பயமா? எனக்கா?"

"இவரு கண்ணை மூடியிருந்தாரு தம்பி" என்றாள் சாண்ட்ரா.

ஹைதர் படகைத் தட்டிப் பார்த்தான். "பின்னாடி ஏன் இப்படி இழுக்குது? கோணலா இருக்கே?"

சாண்ட்ரா துடுப்பால் என்னைக் காட்டினாள். நான் முழுக்கதையும் சொன்னேன், சிமெண்ட் மூட்டை, ரசமட்டம், அண்டா எல்லாம். ஹைதர் சிரித்த சிரிப்பில் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இந்தப் படகு, இந்த ஆளு, ரெண்டையும் கவுக்காம கொண்டு வந்து சேத்துட்டீங்க. சனிக்கிழமை ஏழு மணிக்கு வாங்கக்கா."

"சனிக்கிழமை நாலு மணிக்கு விட்டுரணும். மாஸ் இருக்கு."

"சரிக்கா."

அவள் குதிக்கவில்லை, என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. ஈரத்தோடு நேராக ஹைதரின் கொட்டகைக்குப் போனாள். அங்கே வாடிக்கையாளர்களுக்கான ஜாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்க ஆரம்பித்தாள். ஏழாவது ஜாக்கெட்டைத் தரையில் போடும்போது ஹைதர் ஓடினான்.

"அக்கா, அது போன வருஷம்தான் வாங்கினது!"

"யாரு வித்தானோ அவன்கிட்டயே திருப்பிக் குடு தம்பி. இதைப் போட்டுட்டு யாரையும் என் படகுல ஏத்தமாட்டேன்."

ஹைதரின் ரப்பர் படகுகளைத்தான் என் படகு என்றாள். நான் லாரியை எடுத்துக்கொண்டு வர, அவள் எட்டாவதுக்குக் கை நீட்டினாள்.