டெல்லிக்குப் போகாத திங்கட்கிழமை

“ஞாயிறு கிளம்பணும். திங்க படம். செவ்வா திரும்பிறணும், புதன் நடவு.” நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அக்கா பென்சிலால் எழுதிவைத்தது இது. தாளில் புரட்டாசி என்று தெரிகிறது. ஆண்டு இருந்த மூலை கிழிந்துவிட்டது. ஊர் வரலாறு சேகரிக்கும் நான் தேதி இல்லாத எதையும் சேர்த்துவைப்பதில்லை. இதை மட்டும் தூக்கிப் போட மனம் வரவில்லை.

படம் என்று அக்கா எழுதியது அத்தான் வரைந்த ஓவியத்தை. நன்னிலத்தில் அரிசி ஆலைகளுக்கும் உரக்கடைகளுக்கும் பெயர்ப்பலகை எழுதியே அத்தான் குடும்பம் நடத்தினார். மற்ற நேரத்தில் துணியில் தமக்காக வரைவார். உழுது தண்ணீர் கட்டிய வயல்தான் எப்போதும். ஆள் இருக்காது, மாடு இருக்காது; பழுப்பும் சாம்பலுமாகக் கட்டங்கள், நடுவே கோணலாக ஒரு வரப்பு. பார்க்க வருகிறவர்கள், “இன்னும் முடியலையா மாப்ள?” என்பார்கள். “முடிஞ்சிருச்சு மாமா, நாத்துதான் பாக்கி” என்று அத்தானும் சிரிப்பார்.

அப்படி ஒன்றைச் சென்னைக் கண்காட்சியில் யாரோ வாங்கி, டெல்லியில் நவீன ஓவியங்களுக்கென்று இருக்கும் தேசியக் கலைக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டதாக அவர் வந்து சொன்னார். ஊரில் யாரும் நம்பவில்லை. அக்காவும் பாதிதான் நம்பினாள். ஆனால் அவர் கூடவே ஒன்று சொல்லியிருந்தார்: “அதுல நீ இருக்க.” எங்கே என்று கேட்டதற்கு, “பாத்தா தெரியும்” என்றாராம். அவர் இறந்த பிறகு அக்காவுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. “வெறும் சேறாத்தான்டா வரைவாரு. அதுல நான் எங்கேருந்து வந்தேன்?” என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

போவதாகப் பலமுறை முடிவெடுத்தோம். ஒரு முறை வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு முறை கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, மூட்டை பிடிக்கும்வரை அக்கா தார்ப்பாயும் கையுமாகக் காவல் கிடந்தாள். ஒரு முறை புயல். கடைசியில் சென்னையில் வேலை பார்க்கும் அவள் மகன் விமானச் சீட்டே எடுத்துவிட்டான். நாள் குறித்தது அக்கா. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், அந்தத் திசைக்குப் புறப்படக் கூடாது. அப்புறம் நடவு ஆள் வந்துவிடும். ஆகவே ஞாயிறு போய், திங்கள் பார்த்து, செவ்வாய் திரும்புவது. பஞ்சாங்கத்தை நானும் ஒரு முறை சரிபார்த்தேன். கலைக்கூடம் திறக்கும் நாளைப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை. பெட்டி கட்டிய பிறகு மகன் ஃபோனில் கூப்பிட்டான்: “மாமா, திங்கக்கிழமை அங்க லீவாம்.”

அக்கா ஃபோனை வாங்கிக்கொண்டாள். “முடி வெட்டுற கடைக்குத்தான் செவ்வாக்கிழமை லீவு. படத்துக்குமாடா ஒரு நாளு லீவு விடுவாங்க?” என்றாள். மகன் சிரித்துவிட்டான். என்னால் சிரிக்க முடியவில்லை. கலைக்கூடத்துக்கு ஃபோன் போட்டு, படம் அங்கே இருக்கிறதா என்றாவது கேட்டுவிடட்டுமா என்றேன்.

“கேக்காத. இல்லைன்னு யாரோ ஃபோன்ல சொல்லிட்டா அப்பறம் நான் என்னத்தப் பாக்கப் போறது? நேர்ல போயி இல்லைன்னா, உள்ள வச்சிருப்பாங்கன்னு நெனச்சுக்குவேன்.”

மறுபடி நாள் பார்த்தோம். அப்புறம் முழங்கால் வலி, அப்புறம் கண் புரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு போகம் கழிந்தது. திட்டம் போடுவதிலேயே எனக்கு அலுப்புத் தட்டிவிட்டது, அவளுக்குத் தட்டவில்லை. சென்ற ஐப்பசி அடைமழையில் அக்கா போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிந்த அன்று மகன் செல்பேசியை எடுத்து, “அப்பா பேரைப் போட்டுத் தேடிப் பாக்கட்டுமா மாமா?” என்றான். வேண்டாம் என்றேன். ஊர்க் கோயில் கல்வெட்டில் ஒரு எழுத்தைச் சரிபார்க்க மூன்று ஊர் அலைந்தவன் நான். கலைக்கூடத்தின் தொலைபேசி எண் இதோ மேசைமேல் இருக்கிறது. இன்று வேலைநாள்தான், கேட்டால் சொல்லிவிடுவார்கள். கை போகவில்லை.

அந்தப் படம் டெல்லியில் இருப்பதாக அத்தான் சொன்னார். அதில் அக்கா இருப்பதாகவும் சொன்னார். இரண்டும் இதுவரை சரிபார்க்கப்படவில்லை.